ஆறிய எலும்பு சொல்லும் வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. இஷா தொழுதுவிட்டு ஆறுதலாக வாசியுங்கள். வரலாறு என்றால் மன்னர்களும் யுத்தங்களும் ஆண்டுகளும்தான் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இன்று ஒரு பூனையின் எலும்பிலிருந்து தொடங்கப் போகிறேன்.

கஸகஸ்தானின் தெற்கே, ஆரல் கடலுக்குக் கிழக்கில், சிர் தர்யா ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஜான்கென்ட் என்றொரு பழைய நகரம் மண்ணுக்குள் கிடக்கிறது. ஒகூஸ் துருக்கியரோடு தொடர்புடைய, மதில் சூழ்ந்த நகரம் அது. பட்டுப் பாதை வணிகம் அந்தப் பக்கத்தைத் தொட்டுச் சென்றது. அங்கே தோண்டியவர்களுக்கு ஒரு பூனையின் எலும்புக்கூடு ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்தது. பழைய குடியிருப்புகளில் மிருக எலும்புகள் பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். முழுதாகக் கிடைப்பது அபூர்வம். ஆய்வாளர்கள் எக்ஸ்ரே எடுத்தார்கள், மரபணுவைப் பார்த்தார்கள், காலத்தைக் கணித்தார்கள். 2020ஆம் ஆண்டு முடிவு வெளியானது. அது ஒரு கடுவன் பூனை. காட்டுப் பூனை அல்ல, வீட்டுப் பூனை. கி.பி. 775க்கும் 940க்கும் இடையில் வாழ்ந்தது. பக்தாத்தில் அப்பாசியர் ஆட்சி செய்த காலம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பூனையின் கால் எலும்புகள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் முறிந்திருந்தன. முறிந்த இடங்கள் ஆறியும் இருந்தன.

இதில் என்ன விசேடம் என்று கேட்பீர்கள். எலும்பு முறிந்தால் அந்த இடத்தில் முதலில் இரத்தம் உறையும். பிறகு குருத்தெலும்பு போன்ற மெதுவான இழையம் முறிவைச் சுற்றி வளரும். அது கிழமைக் கணக்கில் இறுகிப் புது எலும்பாகும். முறிந்த அன்றே செத்த மிருகத்தின் எலும்பில் இந்த அடையாளம் எதுவும் இருக்காது. ஆகவே ஆறிய முறிவு என்பது ஒரு சாட்சி. அடிபட்ட பிறகும் அந்த உயிர் பல கிழமைகள் வாழ்ந்தது என்பதற்கு அதுவே ஆதாரம்.

சரி, தெருப் பூனைக்கும் சில நேரம் கால் முறிந்து தானாக ஆறுவதுண்டு. அதை மட்டும் வைத்து ஒரு மனிதர் பராமரித்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பூனைக்குக் கடைசிக் காலத்தில் பற்களும் பெரும்பாலும் விழுந்துவிட்டன. பல்லும் இல்லாமல், அடிபட்ட காலோடு எலி பிடிப்பது எப்படி? எலும்பிலுள்ள நைதரசன் சமதானிகளை அளந்து பார்த்தபோது அது புரதம் நிறைந்த உணவு உண்டிருப்பது தெரிந்தது. மீன் கொடுத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வீடு தெரிகிறது. அந்த வீட்டில் யாரோ ஒருவர் மீனை மெதுவாக்கி அந்தப் பூனையின் முன்னால் வைத்திருக்கிறார். அவருடைய பெயர் நமக்குத் தெரியாது. அவர் செய்த வேலை மட்டும் ஆயிரம் வருடத்துக்கு மேலாக மண்ணுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது.

மந்தை மேய்த்து வாழ்ந்த ஒகூஸ் மக்களுக்கு நாய் தேவை. பயனுக்காக மட்டுமே மிருகம் வளர்த்தவர்கள் என்று நாம் நினைத்திருந்த ஒரு சமூகத்தில், வேட்டையாடவும் முடியாத ஒரு கிழட்டுப் பூனை சோறு தின்றிருக்கிறது.

இனி நம்முடைய பக்கத்துக்கு வருவோம்.

அபூஹுரைரா (ரலி) அவர்களுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அவர்களே சொன்னது திர்மிதியில் இருக்கிறது. வீட்டு ஆடுகளை மேய்த்த காலத்தில் அவர்களிடம் ஒரு சிறு பூனைக்குட்டி இருந்தது. இரவில் அதை மரத்தில் வைப்பார்கள், பகலில் கூடவே கொண்டுபோய் விளையாடுவார்கள். அதனால் மக்கள் பூனைக்குட்டியின் தந்தை என்று அழைத்தார்கள். ஆயிரக்கணக்கான ஹதீஸ்களை அறிவித்த ஒரு நபித்தோழரை உலகம் இன்றுவரை அந்தக் குட்டியின் பெயரால்தான் அழைக்கிறது.

அபூகதாதா (ரலி) அவர்கள் வுழூச் செய்யத் தண்ணீர் வைத்திருந்தபோது பூனை ஒன்று வந்தது. அது குடிப்பதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார்கள். மருமகள் வியப்போடு பார்த்தபோது, பூனை அசுத்தமானதல்ல, அது உங்களைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன கருத்தை எடுத்துச் சொன்னார்கள். சுற்றி வருபவர் என்ற அந்த அரபுச் சொல்லைக் கவனியுங்கள். ஸூரத்துந் நூரில் வீட்டுக்குள் போய் வரும் வீட்டாரைப் பற்றிச் சொல்லும் இடத்திலும் அதே சொல்தான் வருகிறது. பூனையை அந்த வரிசையில் வைத்துப் பேசியிருக்கிறார்கள்.

பூனையைக் கட்டிவைத்துச் சாகடித்த பெண்ணின் ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அவள் மீதான குற்றம் இரண்டு பகுதி கொண்டது. தானும் உணவு கொடுக்கவில்லை, தானாகத் தேடித் தின்னவும் விடவில்லை. நான் ஃபத்வா சொல்லும் ஆள் இல்லை, அது உலமாக்களின் வேலை. ஆனாலும் ஒரு கேள்வி மனதில் எழுகிறது. கால் முறிந்த குட்டிக்குத் தானாகத் தேடித் தின்னும் வழி ஏற்கெனவே அடைபட்டுவிட்டது. அப்படியானால் அதைக் கண்ணால் கண்டவருக்கு மிஞ்சுவது என்ன?

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நபி (ஸல்) அவர்கள் தூங்கும் பூனையை எழுப்பாமல் சட்டைக் கையை வெட்டினார்கள், அந்தப் பூனையின் பெயர் முஇஸ்ஸா என்றொரு கதை அடிக்கடி பகிரப்படுகிறது. ஆதாரபூர்வமான ஹதீஸ் நூல்களில் அது இல்லை. அதே கதை கி.பி. 1182இல் மறைந்த ஷெய்க் அஹ்மத் அர்ரிபாயீ அவர்களைப் பற்றிச் சொல்லப்படுவதுண்டு. பூனைக்கு இரக்கம் காட்ட ஆதாரமில்லாத கதை நமக்குத் தேவையில்லை. ஆதாரமுள்ளவையே போதும்.

அடுத்து கெய்ரோ, 13ஆம் நூற்றாண்டு. 1258இல் மொங்கோலியர் பக்தாத்தை அழித்துவிட்டார்கள். 1260இல் ஐன் ஜாலூத் போர். அகதிகள், பஞ்சம், பயம் எல்லாம் நிறைந்த காலம். அதே கெய்ரோவில்தான் 1262இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் வாழ்ந்தார்கள். மனிதர் மீது மிருகங்களுக்குள்ள உரிமைகளை அவர்கள் தமது சட்ட நூலில் வரிசையாக எழுதினார்கள். அதில் முதலில் வருவது செலவு. மிருகம் முதுமையடைந்தாலும், நோயுற்று இனிப் பயன் தராது என்ற நிலைக்கு வந்தாலும், அதற்கு உணவளிப்பது உரியவரின் கடமை என்கிறார்கள். பயன் இருந்தால் பார், இல்லாவிட்டால் விடு என்ற கணக்கை அவர்கள் ஏற்கவில்லை.

அந்தக் காலத்தின் சுல்தான் பைபர்ஸ் (ஆட்சி 1260–1277) கடுமையான போர்வீரர். மென்மைக்குப் பேர்போனவர் அல்ல. அவர் கெய்ரோவின் வடக்கே தமது பள்ளிவாசலுக்கு அருகில் ஒரு தோட்டத்தைப் பூனைகளுக்காக வக்பு செய்தார். அதன் வருமானத்தில் ஆதரவற்ற பூனைகளுக்கு உணவளிக்க வேண்டும்.

பிறகு நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் கெய்ரோவில் பல ஆண்டுகள் தங்கி, எகிப்தியரின் வாழ்க்கை பற்றி 1836இல் ஒரு நூல் வெளியிட்டார். பைபர்ஸின் தோட்டம் அதற்குள் கைமாறிக் கைமாறி விற்கப்பட்டிருந்தது. செலவு செய்தால்தான் பலன் தரும், பாழாகிவிட்டது என்று காரணம் சொன்னார்களாம். பூனைகளுக்கென மிஞ்சியது வருடத்துக்கு 15 பியாஸ்தர் நிலவாடகை மட்டும். அப்படியிருந்தும் அந்த வழக்கம் அடியோடு நின்றுவிடவில்லை. வக்புகளுக்குப் பொறுப்பான காழி தம் செலவில் அதைத் தொடர்ந்தார். ஒவ்வொரு நாளும் அஸர் நேரத்தில் நீதிமன்ற முற்றத்துக்குக் இறைச்சி கொண்டுவரப்படும். பூனைகளைக் கூப்பிட்டு உணவளிப்பார்கள்.

லேன் இன்னொன்றும் எழுதுகிறார். பூனை வேண்டாம் என்று நினைத்தவர்கள் அதைக் காழியின் முற்றத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்களாம். எங்கேயோ கேட்டது போல் இருக்கிறதா? நம் ஊரில் கண் திறக்காத குட்டிகளைப் பையில் போட்டு மீன் சந்தையிலும் பள்ளி வாசலிலும் விடுகிறோம். ஒரு வித்தியாசம்: அங்கே விட்ட இடத்தில் உணவளிக்கும் வழக்கம் இருந்தது.

இது முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய வரலாறும் அல்ல. நம் நாட்டுக்கும் இதில் பழைய இடம் உண்டு. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் பொறித்த இரண்டாவது பாறைக் கல்வெட்டு, மனிதருக்கும் மிருகங்களுக்கும் தனித்தனி வைத்தியம் ஏற்பாடு செய்ததைச் சொல்கிறது. சோழர், பாண்டியர் நாடுகளோடு தம்பபண்ணி, அதாவது இலங்கை வரை அது நீள்கிறது. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் ஆண்ட புத்ததாச மன்னர் வைத்தியராகவும் இருந்தவர். கட்டியால் வருந்திய ஒரு பாம்புக்கு அவர் சத்திரசிகிச்சை செய்ததாக மகாவம்சத்தின் தொடர்ச்சி சொல்கிறது. யானை, குதிரைகளுக்கு வைத்தியர்களையும் நியமித்தாராம்.

இதையெல்லாம் ஏன் இப்போது எழுதுகிறேன்?

இந்தத் தவணை எமது பாடசாலை வாசலில் ஒரு குட்டி முச்சக்கரவண்டியில் அடிபட்டது. பின்னங்கால் ஒன்று முறிந்துவிட்டது. தரம் 7 பிள்ளைகள் பிஸ்கட் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மிருக வைத்தியரிடம் காட்டினோம். நடமாட விடாமல் சிறிய இடத்தில் வைத்திருங்கள், குட்டி என்பதால் எலும்பு சீக்கிரம் பொருந்தும் என்றார். பிள்ளைகள் தங்களுக்குள் முறை வைத்து அவித்த சூடை மீனை முள் எடுத்துக் கொண்டுவந்தார்கள். ஆறாவது கிழமை அது நடந்தது. கொஞ்சம் நொண்டுகிறது, ஆனாலும் மதில் ஏறுகிறது.

இடையில் ஒரு வாப்பா வந்தார். கோபமாக இல்லை, களைத்துப்போய் வந்தார். “சேர், மனிசனுக்கே மருந்து வாங்க வழியில்லாத காலம். புள்ளைகளுக்குச் சோதனையும் வருது. இந்த நேரத்துல பூனைக்கு வைத்தியம் தேவையா?” என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. 2022க்குப் பிறகு பனடோல் அட்டை வாங்குவதற்கே யோசித்த வீடுகளை நான் அறிவேன். ஒரு பிள்ளையின் காய்ச்சலும் ஒரு பூனையின் காலும் சமம் என்று நான் சொல்ல மாட்டேன். எது முதலில் என்று கேட்டால் பிள்ளைதான் முதலில்.

ஆனால் வரலாறு காட்டுவது வேறொன்று. மிருகத்துக்கு இரங்கியவர்கள் வசதியும் ஓய்வும் இருந்த காலத்தில் மட்டும் இரங்கவில்லை. பக்தாத் எரிந்து ஏறக்குறைய நான்கு வருடத்தில் மறைந்துவிட்ட ஓர் இமாம் கிழட்டு மிருகத்தின் உரிமையை எழுதி வைத்துவிட்டுப் போனார். 15 பியாஸ்தர் மட்டுமே மிஞ்சியபோதும் காழி முற்றத்தை மூடவில்லை. அதோடு, அந்தக் குட்டிக்குப் போனது எந்தப் பிள்ளையின் மருந்துக் காசும் அல்ல. ஒரு காலிப் பெட்டி, பழைய துணி, எறியப்போகும் மீன், ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளைகள் கற்றது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. முறை வந்த நாளில் மறக்காமல் வருவதையும், வலியில் கீறும் ஒன்றிடம் கோபப்படாமல் இருப்பதையும் கற்றார்கள். நாளை வீட்டில் உம்மும்மா படுக்கையில் விழும்போது இதே பழக்கம்தான் அவர்களுக்கு உதவும்.

அந்த வாப்பாவிடமும் இதைத்தான் சொன்னேன். முழுதாக ஏற்றுக்கொண்டாரா என்று தெரியாது. தலையாட்டிவிட்டுப் போனார்.

இரக்கம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும். ஆகவே சில விடயங்கள். அடிபட்ட பூனைக்கு வலி குறைய என்று பனடோல் கொடுக்கவே வேண்டாம். பரசிட்டமோலை உடைக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு, சிறு துண்டே உயிரை எடுக்கும். நாமாகத் தடி வைத்து இறுக்கிக் கட்ட வேண்டாம். பெட்டியில் துணி விரித்து, சூடாகவும் அமைதியாகவும் வைத்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். பசுப்பால் பல குட்டிகளுக்கு வயிற்றோட்டத்தைத் தரும். பூனை கடித்தால் அல்லது கீறினால் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நாய் நோய் பூனையாலும் வரும், வந்தால் தப்புவது அரிது. பிள்ளைகள் வெறுங்கையால் தூக்க வேண்டாம், தடித்த துணியால் சுற்றித் தூக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் ஊரின் மூத்தவர்களுக்கு இப்படியான சங்கதிகள் நிறையத் தெரியும். சட்டியில் மீன் கழுவும்போது பூனைக்கென ஒரு பங்கை ஒதுக்கிய உம்மாமார், கால் உடைந்த ஆட்டுக்கு மூங்கில் கட்டிய வாப்பாமார், மாட்டுக்கு மருந்து அரைத்த பரிசாரிமார் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை. ஜான்கென்டில் மீன் கொடுத்த அந்த ஆளைப்போல அவர்களும் பெயரில்லாமல் மறைந்துபோகக் கூடாது. உங்கள் வீட்டில் கேட்டு, கீழே எழுதுங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு கொப்பியில் தொகுத்துப் பாடசாலை நூலகத்தில் வைப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.