நாலாவது கியர்

அமெரிக்காவில் பழைய பிக்கப் வைத்திருக்கும் ஆக்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. 1969க்கும் 1972க்கும் இடையில் வெளிவந்த செவ்ரலே கே10 ஒன்றைத் தேடி வாங்குவார்கள். நாலு சில்லும் இழுக்கும் வண்டி. செவ்ரலேயின் கணக்கில் ‘கே’ என்ற எழுத்துக்கு அதுதான் அர்த்தம், இரண்டு சில்லு மட்டும் இழுத்தால் ‘சி’. துருப்பிடித்த தகரத்தை வெட்டி ஒட்டி, பெயின்ற் அடித்து, எல்லாவற்றையும் பழைய மாதிரியே கொண்டுவருவார்கள். பிறகு அடியில் படுத்து, தொழிற்சாலை போட்ட மூன்று கியர் ஓட்டோமேட்டிக் பெட்டியைக் கழற்றிவிட்டு, 1980களில் வந்த நான்கு கியர் ‘ஓவர்டிரைவ்’ பெட்டி ஒன்றை மாட்டுவார்கள்.

சும்மா மெக்கானிக் வேலை என்று இதைக் கடந்து போகலாம். எனக்கு இது வரலாற்றுப் பாடமாகத்தான் தெரிகிறது. அந்த நாலாவது கியர் 1970இல் ஏன் இல்லை, 1982இல் ஏன் வந்தது என்று கேட்டுக்கொண்டு போனால் பதில் எஞ்சினுக்குள் கிடைக்காது. எண்ணெய்க் கப்பல்களிலும் வாஷிங்டனிலும்தான் கிடைக்கும்.

முதலில் கொஞ்சம் கணக்கு, பயப்பட வேண்டாம். பழைய பெட்டியின் பெயர் டேர்போ ஹைட்ராமெட்டிக் 350. அதன் கியர் விகிதங்கள் 2.52, 1.52, 1.00. மேல் கியரில் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் பெட்டியில் இருந்து வெளியே போகும் தண்டும் ஒரு சுற்றுத்தான். புதிய பெட்டி 700ஆர்4. அதன் விகிதங்கள் 3.06, 1.63, 1.00, 0.70. கடைசி எண்தான் ஓவர்டிரைவ். எஞ்சின் 0.70 சுற்றுச் சுற்றினாலே தண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடும். 4.11 அச்சு விகிதமும் 31 அங்குல ரயரும் உள்ள ஒரு கே10 மணிக்கு 65 மைல் வேகத்தில் போகிறது என்று வையுங்கோ. பழைய பெட்டியில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,900 தரம் சுற்றும். புதியதில் 2,030. காதால் கேட்டாலே தெரியும் வித்தியாசம் அது. கத்திக்கொண்டிருந்த வண்டி கதைக்கத் தொடங்குகிற மாதிரி.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஓவர்டிரைவ் புதுக் கண்டுபிடிப்பே இல்லை என்பதுதான். 1934 கிரைஸ்லர் ஏர்ஃப்ளோ காரிலேயே அது இருந்தது. கையால் கியர் மாற்றும் கார்களுக்கு மேலதிகமாகக் காசு கொடுத்து வாங்கிப் போடலாம். ஓட்டோமேட்டிக்கும் பழசுதான். ஜெனரல் மோட்டர்ஸின் ஹைட்ராமெட்டிக் 1940 ஓல்ட்ஸ்மொபைலில் வந்தது, அதற்கும் நாலு கியர் (ஓவர்டிரைவ் மட்டும் இல்லை). இரண்டாம் உலகப் போரில் அதே பெட்டி எம்5 இலகு டாங்கிக்குள் போனது. நாலு சில்லு இழுவையும் போரில் வளர்ந்த பிள்ளை. டொட்ஜ் தன்னுடைய இராணுவ லொறியை 1946இல் ‘பவர் வாகன்’ என்ற பெயரில் சனங்களுக்கு விற்கத் தொடங்கியது. ஆக, எல்லாத் துண்டுகளும் மேசையில் கிடந்தன. ஒன்றாகச் சேர்க்க யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.

ஏனென்றால் பெற்றோல் மலிவு. 1956இல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்து நாடு முழுக்க அகலமான வீதிகள் போடப்பட்டன. எஞ்சின்கள் பெருத்தன. பெரிய எஞ்சினுக்கு மூன்று கியர் போதும், அது எப்படியும் இழுத்துக்கொண்டு போய்விடும். குடிக்கிற எண்ணெயைக் கணக்குப் பார்க்க ஆளில்லை. 1960களில் கார்களில் இருந்த ஓவர்டிரைவும் மெல்ல மறைந்தது. தொழில்நுட்பம் எப்போதும் முன்னுக்குத்தான் போகும் என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த கதைக்கு இது ஒத்துவராது. இருந்த ஒன்றைத் தேவையில்லை என்று கைவிட்டார்கள், அவ்வளவுதான்.

1973 ஒக்டோபரில் அரபு – இஸ்ரேல் போர் நடந்துகொண்டிருக்கும்போதே அரபு எண்ணெய் நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் விற்பதை நிறுத்தின. அடுத்த வருடத் தொடக்கத்துக்குள் ஒரு பீப்பாய் ஏறக்குறைய 3 டொலரில் இருந்து 12 டொலர் வரை ஏறிவிட்டது. 1974 ஜனவரி 2ஆம் திகதி ஜனாதிபதி நிக்சன் நாடு முழுவதற்குமான 55 மைல் வேக எல்லைக்குக் கையொப்பம் வைத்தார். 1975 டிசம்பரில் இன்னொரு சட்டம். ஒரு நிறுவனம் விற்கும் கார்கள் சராசரியாக ஒரு கலனுக்கு எத்தனை மைல் ஓட வேண்டும் என்று அரசே சொல்லத் தொடங்கியது. 1978இல் 18 மைல், 1985இல் 27.5 மைல். இடையில் 1979 ஈரான் புரட்சியோடு விலை மறுபடி பறந்தது. ஃபோர்ட் 1980இல் ஓவர்டிரைவோடு ஓட்டோமேட்டிக் பெட்டி கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டர்ஸின் 700ஆர்4 வந்தது 1982இல். 0.70 என்ற எண்ணுக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

எரிபொருள் தடை எஞ்சினின் பழக்கத்தை மாற்றும் என்பது எங்கட ஆக்களுக்குப் புதுக் கதை இல்லை. 1990களின் முதற்பாதியில் யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் பண்ணுவதற்கு மட்டும் கொஞ்சம் பெற்றோல். அங்கே மாற்றம் கராஜில் இருந்து வந்தது, அதுவும் உடனே. டெட்ரொயிட்டுக்கு ஒரு சட்டமும் ஏழெட்டு வருடமும் தேவைப்பட்டன.

அந்தச் சட்டத்திலும் ஒரு ஓட்டை இருந்தது. பிக்கப்புகள் கார்களோடு சேர்க்கப்படவில்லை, அவற்றுக்குத் தனியாக, இலேசான எல்லை. புகைக் கட்டுப்பாட்டிலும் அப்படித்தான். 1975இல் ஃபோர்ட் எஃப்-150 பிறந்ததற்கு ஒரு காரணமே, எடைக் கணக்கில் 6,000 இறாத்தலைத் தாண்டினால் சில விதிகளில் இருந்து தப்பலாம் என்பதுதான். எண்ணெயைச் சேமிக்க எழுதின சட்டமே, எண்ணெய் குடிக்கிற வண்டிக்கு வழி விட்டது. இன்றைக்கு அமெரிக்க வீதிகளில் காரை விட பிக்கப்பும் எஸ்யூவியும் கூட ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி அந்தப் பழைய கே10க்கு அடியில் போவோம். 700ஆர்4 எஞ்சினோடு பொருந்திவிடும், ஒரே நிறுவனத்தின் சாமான். கரைச்சல் பின்பக்கத்தில்தான். நாலு சில்லு வண்டியில் கியர் பெட்டிக்குப் பின்னால், சக்தியை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பிரிக்கும் இன்னொரு பெட்டி உண்டு, ட்ரான்ஸ்ஃபர் கேஸ். பழைய வண்டியில் இருப்பது என்பி205, வார்ப்பிரும்பு, பல்சக்கரத்தால் இயங்குவது, உடைக்கவே ஏலாது என்று பேர் எடுத்தது. 700ஆர்4ஓடு தொழிற்சாலையில் இருந்து வந்ததோ அலுமினியமும் சங்கிலியும் கொண்ட என்பி208. இரும்பு போய் அலுமினியம் வந்ததும் அதே எரிபொருள் பயத்தால்தான். பலர் 205ஐ விடமாட்டார்கள், நடுவில் ஒரு அடாப்டர் போட்டு இணைப்பார்கள். புதிய பெட்டி சுமார் இரண்டு அங்குலம் நீளம். அடாப்டரைப் பொறுத்து அது மாறும். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பின்னுக்குத் தள்ளப்படும், பின் தண்டை வெட்டிக் குறுக்க வேண்டும், முன் தண்டை நீட்ட வேண்டும், பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தையும் நகர்த்த வேண்டும்.

அதற்குப் பிறகு ஒரு கேபிள். கார்புரேற்றரில் இருந்து பெட்டிக்குப் போகும் மெல்லிய கம்பி. 700ஆர்4இல் கம்பியூட்டர் எதுவும் கியர் மாற்றுவதில்லை. ஓட்டுபவர் எவ்வளவு மிதிக்கிறார் என்பதை அந்தக் கம்பிதான் பெட்டிக்குச் சொல்லும், அதை வைத்துத்தான் உள்ளே எண்ணெய் அழுத்தம் கூடிக் குறையும். பழைய 350இலும் ஒரு கேபிள் உண்டு, ஆனால் அது திடீரென்று மிதித்தால் கீழ்க் கியருக்கு இறங்குவதற்கு மட்டும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து மாட்டினால் அழுத்தம் போதாமல் உள்ளே கிளட்ச் வழுக்கி, கொஞ்சத் தூரத்திலேயே பெட்டி எரிந்துவிடும். 700ஆர்4 கெட்ட பேர் எடுத்ததில் பாதிப் பழி இந்தக் கம்பிக்கு. மீதி, ஆரம்ப வருடப் பெட்டிகளில் உண்மையாகவே இருந்த பலவீனம். விசயம் தெரிந்தவர்கள் 1987க்குப் பிறகு வந்ததைத்தான் தேடுவார்கள்.

இவ்வளவு பாடுபட்டு எண்ணெயா சேமிக்கிறார்கள்? கொஞ்சம் மிஞ்சும், உண்மைதான். ஆனால் பெட்டிக்கும் அடாப்டருக்கும் தண்டுக்கும் கொடுத்த காசை எண்ணெயில் திருப்பி எடுக்க எத்தனை வருடம் ஓடவேண்டும் என்று நீங்களே யோசியுங்கோ. உண்மைக் காரணம் வேகம். 55 மைல் எல்லை 1987இல் கிராமப்புற நெடுஞ்சாலைகளில் 65 ஆகத் தளர்ந்து, 1995இல் முற்றாகவே நீக்கப்பட்டது. பக்கத்தில் எல்லாரும் 75இல் போக, மூன்று கியரோடு 60இல் கத்திக்கொண்டு போக யாருக்கும் விருப்பமில்லை. மெதுவாகப் போ, குறைவாகக் குடி என்ற காலத்தில் பிறந்த கியரை, வேகமாகப் போவதற்காக வாங்குகிறார்கள்.

அசலைக் கெடுக்கிறார்கள் என்று கோபப்படுபவர்களும் உண்டு. ‘தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே இருக்கவேணும், இல்லாட்டி அது வரலாறே இல்லை’ என்பது அவர்களின் வாதம். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. அருங்காட்சியகத்தில் நிற்கும் ஒரு கே10 1970ஐ மட்டும்தான் சொல்லும். பெட்டி மாற்றிய கே10இல் 1970உம் இருக்கிறது, 1973உம் இருக்கிறது, 1995உம் இருக்கிறது. கழற்றின பழைய பெட்டியை மட்டும் எறியாமல் வைத்திருந்தால் நல்லது.

ஸ்டியரிங்கில் கியர் போடுகிற வண்டிகளில் இன்னொரு சின்னப் பிரச்சினை வரும். கியர் காட்டும் பழைய எழுத்துத் தகட்டில் முன்னுக்குப் போக மூன்று இடம்தான் குறித்திருக்கிறது. புதுப் பெட்டிக்கு நாலு வேண்டும். ஊசி எழுத்துகளுக்கு நடுவில் போய் நிற்கும். சிலர் தகட்டை மாற்றுவார்கள். பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள், எத்தனையாவது ‘க்ளிக்’ என்று கைக்குப் பழகிவிடும்.