போலி முனையம்: தொலையச்சுப் பொறியிலிருந்து நிரலகம் வரை

போலி முனையம் என்பது, உண்மையான முனையக் கருவி ஒன்று இணைக்கப்பட்டிருப்பதாக ஒரு நிரலை நம்பவைக்கும் மென்பொருள் ஏற்பாடு ஆகும். சுருக்கமாக இது 'பிடிஒய்' எனப்படும். இதற்கு இரு முனைகள் உண்டு. முனையச் சாளரம், எஸ்எஸ்எச் வழங்கி போன்றவை ஒரு முனையை வைத்திருக்கும். மறுமுனையை ஷெல் தன் விசைப்பலகையாகவும் திரையாகவும் கருதும். இதைக் கையாளும் நிரலகத்தை நிறுவும் முறை இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறுபடுகிறது. இதன் காரணம் வரலாற்றில் உள்ளது.

தோற்றம்

லினக்சில் முனையத்தைக் குறிக்கும் 'டிடிஒய்' என்பது தொலையச்சுப் பொறியின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்த சுருக்கம். இந்தியாவில் இப்பொறிகளைத் தயாரிக்க, 1960இல் சென்னையில் இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. கிண்டியில் அதன் தொழிற்சாலை இயங்கியது. இங்கு இவை தந்திப் பணிக்குப் பயன்பட்டன. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1969இல் யுனிக்ஸ் உருவானபோது, நொடிக்கு 10 எழுத்துகள் அச்சிடும் டெலிடைப் மாடல் 33 கணினியின் முனையமாக இருந்தது.

பின்னர், வலைப்பின்னல் வழியாக வேறொரு கணினியில் நுழைய வேண்டிய தேவை எழுந்தது. அங்கே கம்பியில் இணைந்த பொறி இல்லை. ஆனால் நிரல்களோ முனையத்தை எதிர்பார்த்தன. இந்த இடைவெளியைப் போலி முனையம் நிரப்பியது.

பிரிந்த வழிகள்

1983இல் வெளியான 4.2 பிஎஸ்டி, போலி முனையங்களை முன்கூட்டியே உருவாக்கிய இணைக் கோப்புகளாக வைத்திருந்தது. இவற்றின் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தது. காலியான இணையை நிரலே தேட வேண்டியிருந்தது. சிஸ்டம் 5 வழியில், ஒரே கோப்பைத் திறந்தால் புதிய இணை கிடைத்தது. யுனிக்ஸ் 98 தரம் இம்முறையை ஏற்றது. லினக்சும் இதற்கு மாறியது.

எனினும் பழைய வேறுபாடுகள் எஞ்சின. இணையைத் திறக்கும் 'ஓப்பன்பிடிஒய்' செயற்கூறின் அறிவிப்பு லினக்சில் ஒரு தலைப்புக் கோப்பிலும், மேக்கில் வேறொன்றிலும், ஃப்ரீபிஎஸ்டியில் மற்றொன்றிலும் உள்ளது. லினக்சில் 2021இல் வந்த குனூ சி நிரலகம் 2.34 வரை, இதற்கெனத் தனி நிரலகத்தையும் இணைக்க வேண்டியிருந்தது.

விண்டோசில் இத்தகைய அமைப்பே நெடுங்காலம் இல்லை. 'வின்பிடிஒய்' என்ற மென்பொருள், மறைவான கன்சோல் சாளரத்தைத் திறந்து அதன் உள்ளடக்கத்தைப் படித்து அனுப்பியது. 2018இல் விண்டோஸ் 10இன் 1809 பதிப்புடன் 'கான்பிடிஒய்' வந்தது.

இன்றைய நிறுவல்

பைத்தானின் 'பிடிஒய்' கூறு மொழியுடனே வருவதால் லினக்சிலும் மேக்கிலும் தனியே நிறுவத் தேவையில்லை. விண்டோசில் அது இயங்காது. விஷுவல் ஸ்டுடியோ கோட் பயன்படுத்தும் 'நோட்-பிடிஒய்' மூன்றிலும் இயங்கும். ஆனால் அதை மூலநிரலிலிருந்து கட்டமைக்க, பைத்தானும் சி++ தொகுப்பியும் வேண்டும். தொகுப்பிக்காக மேக்கில் எக்ஸ்கோடின் கட்டளைவரிக் கருவிகளையும், விண்டோசில் விஷுவல் ஸ்டுடியோவின் கட்டமைப்புக் கருவிகளையும் முதலில் நிறுவ வேண்டும். தலைப்புக் கோப்பு கிடைக்கவில்லை என்ற பிழை வந்தால், அந்நிரல் எந்த இயங்குதளத்துக்காக எழுதப்பட்டது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.