பத்துப் பேரில் ஒரு அண்ணன்



விஞ்ஞானி சுப்பிரமணியன் சந்திரசேகரை நட்சத்திரங்களோடு சேர்த்துத்தான் எல்லோருக்கும் தெரியும். இன்று அவரை ஒரு வீட்டுப் பிள்ளையாக, உடன்பிறந்தவர்களின் அண்ணனாகப் பார்க்கலாம் என்று தோன்றியது.

அவர் பிறந்தது 1910 அக்டோபர் 19, லாகூரில். அப்பா சி. சுப்பிரமணிய அய்யர் ரயில்வே கணக்குத் துறையில் அதிகாரி. அம்மா சீதாலட்சுமி. பிள்ளைகள் மொத்தம் பத்துப் பேர்: ஆறு பெண், நான்கு ஆண். இரண்டு அக்காவுக்குப் பிறகு பிறந்த முதல் ஆண் பிள்ளை என்பதால் தாத்தாவின் பெயரையே வைத்தார்கள். அந்தத் தாத்தா விசாகப்பட்டினத்தில் கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். சர் சி.வி. ராமன் அப்பாவின் தம்பி.

குடும்பம் லக்னோ வழியாக 1918-இல் சென்னைக்கு வந்தது. பன்னிரண்டு வயது வரை பையனுக்கு வீட்டில்தான் படிப்பு. பெற்றோரே சொல்லிக் கொடுத்தார்கள். அந்த அம்மா சாதாரணப்பட்டவர் அல்ல. பத்துப் பிள்ளைகளுக்கும் பொங்கிப் போட்ட கையால், இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். அப்பாவுக்கு வயலின் மீது பித்து. கர்நாடக இசை பற்றிப் புத்தகமே எழுதியிருக்கிறார். தங்கைகளில் ஒருவரான வித்யா சங்கர், பின்னாளில் பெயர் பெற்ற வீணைக் கலைஞர்.

பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி. மகன் ஐ.சி.எஸ். அதிகாரியாக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. உனக்குப் பிடித்ததைப் படி என்று மகன் பக்கம் நின்றவர் அம்மா.

1930-இல் கேம்பிரிட்ஜ் செல்ல அரசு உதவித்தொகை கிடைத்தது. அப்போது அம்மா நோயில் படுத்திருந்தார். இந்த நிலையில் விட்டுப் போவதா என்று மகன் தயங்கினார். போய்த்தான் ஆக வேண்டும் என்று பிடிவாதமாக அனுப்பி வைத்தவரும் அதே அம்மாதான். ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறினார். இருபது வயது கூட நிரம்பவில்லை. அந்தக் கடல் பயணத்தில் போட்ட கணக்குதான் பின்னால் 'சந்திரசேகர் எல்லை' ஆனது. எரிந்து முடிந்த நட்சத்திரம் சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு நிறைக்கு மேல் இருந்தால், வெண்குள்ளனாக நிலைத்து நிற்க முடியாது, மேலும் சுருங்கும்.

1931 மே மாதம் அம்மா காலமானார். மகன் கடலுக்கு அப்பால்.

1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில், எடிங்டன் என்ற பெரிய மனிதர் இவருடைய முடிவை எல்லோர் முன்னாலும் கேலி செய்தார். சந்திரா சண்டைக்குப் போகவில்லை. தன் கணக்கைப் புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டு வேறு ஆராய்ச்சிக்கு நகர்ந்தார். 1944-இல் எடிங்டன் மறைந்தபோது அவரை உயர்வாகவே பேசினார்.

1936-இல் தாயகம் வந்து, மாநிலக் கல்லூரியில் உடன் படித்த லலிதாவை மணந்தார். அடுத்த ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகம். பிறகு அங்கேயே வாழ்க்கை. 1953-இல் அமெரிக்கக் குடிமகனும் ஆனார். 1983-இல் நோபல் பரிசு வந்தது. அம்மா போய் ஐம்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

வகுப்பறையில் நின்றவன் என்பதால் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியவில்லை. யெர்க்ஸ் வானாய்வகத்திலிருந்து சிகாகோவுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டிப் போய், இரண்டே மாணவர்கள் இருந்த வகுப்புக்குப் பாடம் எடுத்தார் என்று சொல்வார்கள். அந்த இருவர் லீ, யாங். 1957-இல் இருவருக்கும் நோபல், ஆசிரியருக்கு முன்பாகவே!

1995 ஆகஸ்ட் 21 அன்று சிகாகோவில் மறைந்தார். 1999-இல் நாசா விண்ணில் ஏவிய எக்ஸ் கதிர் தொலைநோக்கிக்குப் பெயர் 'சந்திரா'. வீட்டில் கூப்பிட்ட பெயர் வானத்துக்கே போய்விட்டது.

உலகத்துக்கு ஒரு விஞ்ஞானி கிடைத்தார். அந்த வீட்டுக்கோ, கூடத்தில் ஓர் இடம் காலியாகவே இருந்திருக்கும். தம்பி தங்கைகளின் கல்யாணத்திலும் பிரசவத்திலும் எத்தனை முறை அண்ணன் இல்லாமல் போயிருப்பார்! ஒரு பிள்ளையின் உயரத்துக்கு வீட்டில் உள்ள எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாக விலை கொடுக்கிறார்கள். வரலாற்றுப் புத்தகங்கள் அந்தக் கணக்கை எழுதுவதில்லை.

வெளிநாட்டில் இருக்கும் என் மாணவர்களே, இன்று ஊரில் இருக்கும் அக்காவுக்கோ தம்பிக்கோ ஒரு போன் போடுங்கள். பெரிய குடும்பத்தில் பிறந்தவர்கள், உங்கள் வீட்டு அண்ணனைப் பற்றிக் கீழே நாலு வரி எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.