நீதியின்மேல் பசி

மருதமுனையிலிருந்து கல்முனைக்குப் போக, திரௌபதை அம்மன் கோயில் உள்ள பாண்டிருப்பைக் கடக்க வேண்டும். வீட்டில் தறிச் சத்தமும் பாங்கொலியும், வழியில் கோயில் மணி, பாடசாலையில் காலை ஜெபம். இவையெல்லாவற்றையும் ஒரே காலையில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த ஜெப வேளையில் அடிக்கடி காதில் விழுந்தது, மலைப்பிரசங்கத்தில் இயேசு பேசும் நீதிப் பசி. நமக்கோ நீதி என்றால் நீதவானும் நீதிமன்றமும்தான். அதற்கு ஏன் பசிக்க வேண்டும் என்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்ததும் உண்டு.

மூலமான கிரேக்கச் சொல் டிகையோசுனே. இறைவன் முன் நேராக நிற்பதையும் அயலாருக்கு நியாயம் செய்வதையும் அது சேர்த்தே குறிக்கும். பழைய தமிழ் வேதாகமம் பசி, தாகம் என்ற சொற்களை அப்படியே வைத்தது. 1995இல் வந்த திருவிவிலியம் அவற்றை வேட்கை என்றாக்கியது. நமக்குப் பழையதே பிடிக்கிறது. வேட்கை ஒரு நாள் தணிந்துவிடலாம். பசி மறுநாளும் வரும்.

இந்தப் பசியோடு நமது கரைக்கு முதலில் வந்தவர்களில் ஒருவர் வண. வில்லியம் ஓல்ட். தோமஸ் கோக் தலைமையில் புறப்பட்ட வெஸ்லியன் குழுவைச் சேர்ந்தவர். கப்பலிலேயே தம் மனைவியை இழந்தார். 1814 மே 3இல் கோக்கும் கடலிலேயே காலமானார். தலைவரில்லாமல் அக்குழு ஜூன் 29இல் காலியில் இறங்கியது. மட்டக்களப்பு ஓல்டின் பங்காயிற்று. தமிழும் தெரியாது, துணையும் இல்லை. அந்த நிலையிலும் பாடசாலை தொடங்கினார். 1815 ஏப்ரல் 1இல் நோயால் இறந்தார். மட்டக்களப்பில் அவர் இருந்தது ஏறத்தாழ எட்டு மாதங்களே. இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி அவரிடமிருந்தே தன் வரலாற்றைத் தொடங்குகிறது.

மிஷனரிமார் மதம் மாற்றும் நோக்கோடுதான் வந்தார்கள். நூற்றாண்டு மலர் என்பதற்காக அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அவர்களுடைய பாடசாலைகளில் படித்த பெரும்பாலோர் தத்தம் சமயத்திலேயே இருந்தார்கள். காரைதீவு மயில்வாகனம் கல்முனை மெதடிஸ்தப் பாடசாலையில் படித்தவர். பின்னாளில் சுவாமி விபுலாநந்தராகி, இராமகிருஷ்ண மிஷன் மூலம் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடசாலைகள் நடத்தினார். ஓல்ட் இதை எதிர்பார்த்திருக்கமாட்டார். வருந்தியிருப்பாரா, மகிழ்ந்திருப்பாரா என்று நமக்குள் இன்னும் வாதம் முடியவில்லை.

பெண் பிள்ளைகளின் கதைக்கு யாழ்ப்பாணம் போக வேண்டும். அங்கே உடுவிலில் அமெரிக்க மிஷன் 1824இல் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியது. ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் அதன் முதல் பொறுப்பாளர். அவருக்குப் பின்னர் வந்தவர்களில் நம் மனத்தில் நிற்பவர் எலைசா அக்னியூ. 1807இல் நியூயோர்க்கில் பிறந்தவர். எட்டு வயதில், பூகோள வகுப்பில், மொறீசியசில் அடக்கம் செய்யப்பட்ட இளம் மிஷனரிப் பெண்ணொருவரைப் பற்றி ஆசிரியை சொல்லக் கேட்டு, தானும் போவதென்று உறுதி கொண்டார்.

ஆனால் உடனே புறப்படவில்லை. பெற்றோரைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர்கள் காலமான பின்னரே, முப்பது வயது கடந்து, கப்பலேறினார். தூர தேசத்து ஊழியத்துக்காகத் தாய் தகப்பனை விட்டுப் போயிருந்தால் அதுவும் நீதி ஆகியிருக்குமா? நம் வீடுகளில் உம்மாவையும் வாப்பாவையும், அம்மாவையும் அப்பாவையும் பார்ப்பதற்காக மேற்படிப்பைத் தள்ளிவைத்த தோழியர் எத்தனை பேர்! அவர்களை நினைக்கும்போது அக்னியூ நமக்கு மிக அருகில் வருகிறார்.

1840இல் யாழ்ப்பாணம் வந்து, 1879 வரை உடுவிலில் இருந்தார். ஒருமுறையும் விடுமுறைக்கு ஊர் திரும்பவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவியர் அவரிடம் படித்தனர். ஆயிரம் மகள்மாரின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். பாடசாலை விடுமுறை வந்தால் பழைய மாணவியரின் வீடுவீடாகப் போய்ச் சுகம் விசாரிப்பாராம். பழைய மாணவியர் சங்கம் என்ற பெயர் வருமுன்னரே அந்த வேலையைச் செய்தவர் அவர். 1883இல் மானிப்பாயில் காலமானபோது, அவரிடம் படித்தவர்களின் பிள்ளைகளும் பேத்திகளும் உடுவிலில் படித்து முடித்திருந்தார்கள்.