செஞ்சி முற்றுகையும் கியூபா நெருக்கடியும்

கொல்லாமையை முதலறமாகப் போற்றும் தமிழ்ச் சமணரின் மடம் விளங்கும் மேல்சித்தாமூர் என் ஊர். அண்மையிலுள்ள செஞ்சிக் கோட்டையை 1690 முதல் 1698 வரை மொகலாயத் தளபதி சுல்பிகர்கான் முற்றுகையிட்டார். உள்ளே இருந்தவர் மராட்டிய மன்னர் இராசாராம். 8 ஆண்டுகள்! சமாதானம் பேசவும், ஏன், சலித்துப் போகவுங்கூட அவர்களுக்குக் காலம் இருந்ததே என்று கோட்டை மதிலருகே நின்று நான் எண்ணியதுண்டு.

அணுகுண்டு அந்த அவகாசத்தைப் பறித்துவிட்டது. 1962 செப்டம்பர் 28 அன்று, 83 வயது இராஜாஜி வாஷிங்டனில் கென்னடியைக் கண்டு, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துமாறு வேண்டினார். மூன்று வாரம் கழியுமுன், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது கென்னடிக்குத் தெரியவந்தது. உடனே குண்டு வீசவேண்டும் என்றனர் ஆலோசகர் சிலர். அவரோ கடல்வழியை மறித்து, குருஷேவுக்குச் சிந்திக்கச் சில நாட்கள் கிடைக்கச் செய்தார். அக்டோபர் 26 அன்று குருஷேவ் விடுத்த கடிதம் முழுமையாகக் கைக்கு வர ஏறக்குறைய 12 மணி நேரம் ஆயிற்று. ஏவுகணை கண்டம் கடக்கவோ அரைமணி போதும்! 28-ஆம் நாள் ஏவுகணைகளைத் திரும்பப் பெறக் குருஷேவ் இசைந்தார். கியூபாவின்மீது படையெடுப்பதில்லை எனக் கென்னடி வாக்களித்தார். துருக்கியிலிருந்த அமெரிக்க ஏவுகணைகளை அகற்றுவதாகத் தந்த உறுதி மட்டும் மறைக்கப்பட்டது. விட்டுக்கொடுத்ததை வெளியே சொல்ல வல்லரசுகளுக்கு வெட்கம் போலும்!

1963 ஜூனில் இரு தலைநகரங்களுக்கும் நேரடித் தந்தித் தொடர்பு அமைக்க உடன்பட்டனர். ஆகஸ்டு 5 அன்று மாஸ்கோவில் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இராஜாஜி கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. நிலத்தடிச் சோதனைகளுக்கு அதில் தடை இல்லை.