கியர் மாற்றம், மலைச்சாலையில்

கையால் கியர் மாற்றும் வண்டியில் எஞ்சின் சுழற்சியையும் சக்கர வேகத்தையும் குலுக்கலின்றி இணைக்கும் திறனே நல்ல கியர் மாற்றம். 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில் இதற்குச் சரியான சோதனைக்களம், கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் கல்வராயன் மலைச்சாலை.

ஏற்றத்தில் பலரும் செய்யும் பிழை தாமதம். எஞ்சின் திணறும்வரை காத்திராமல், வளைவுக்கு முன்பே மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கிவிட வேண்டும். அதே வேகத்தில் கீழ் கியருக்கு வந்தால் எஞ்சின் கூடுதலாகச் சுழலவேண்டும்: மூன்றில் நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால் இரண்டில் சுமார் 3,000. இந்த இடைவெளியைக் கிளட்ச் தகடு உரசியே நிரப்பினால் வண்டி குலுங்கும், தகடும் தேயும். கிளட்ச் அழுத்தியிருக்கும்போதே ஆக்சிலரேட்டரை லேசாகத் தட்டினால் எஞ்சின் சுழற்சியும் சக்கர வேகமும் இசைந்துவிடும். பிரேக்கில் முன்பாதமும் ஆக்சிலரேட்டரில் குதிகாலுமாக, ஒரே வலக்காலால் இதைச் செய்வது ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டிகளின் வித்தை. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கு அது பொருந்தும். எதிரே பஸ் வரும் கொண்டை ஊசி வளைவில் புதியவர் பழக வேண்டாம்.

கியர்கள் இணையும் முன் அவற்றின் வேகத்தைத் தானே இசைவிக்கும் சிங்க்ரோமெஷ் 1928இல் காடிலாக் கார்களில் வந்தது. அது இல்லாத கியர் பெட்டிகளில் கியர் உறுமாமல் விழ, கிளட்சை இருமுறை மிதிக்க வேண்டும். பழைய லாரிக்காரர்களுக்கு இது கைவந்த கலை.

இறக்கத்தில் நியூட்ரல் ஆகாது. ஏறிய கியரிலேயே இறங்கினால் எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடேறாது. குறுகலான இடத்தில் ஏறிவரும் வண்டிக்கே வழிவிட வேண்டும் என்பது சாலை விதி.