மதிப்பெண் வந்த வழி

பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்துபவர் கைக்குப் போகும்போது மாணவரின் பெயரும் பதிவெண்ணும் மறைந்திருக்கும். இது ஆயிரம் ஆண்டுப் பழைய ஏற்பாடு. சோங் அரசர் காலச் சீனாவில் ஒருபடி மேலே போனார்கள். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று, எழுத்தர்களை உட்கார வைத்து ஒவ்வொரு விடைத்தாளையும் படியெடுத்தார்கள். 'பிட்' அடிப்பதும் அங்கே பழக்கம்தான். பொடி எழுத்தில் பாடம் எழுதிய உள்ளாடைகள்கூட உண்டு.

அந்தச் சீனத் தேர்வு, அதிகாரிகளைப் பொறுக்கியெடுக்க அரசு வைத்திருந்த சல்லடை. ஏசு சபைப் பாதிரியார்கள் அதை ஐரோப்பாவுக்கு வியந்து எழுதினார்கள். கான்டன் துறைமுகத்தில் வணிகம் செய்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் அது தெரியும். இந்திய ஆட்சிப் பணிக்குப் போட்டித் தேர்வு வேண்டுமா என்று லண்டனில் விவாதம் நடந்தபோது சீன உதாரணம் அடிபட்டது. 1855இல் தேர்வு வந்துவிட்டது. 1857 செப்டம்பர் 5இல் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துச் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. தொடக்கத்தில் அது பாடம் நடத்தவில்லை, தேர்வு மட்டுமே நடத்தியது! நம் கல்வியில் பாடத்தைவிடப் பரீட்சை பெரிதாகிப்போன கதை இங்கே தொடங்குகிறது என்பேன்.

இந்தத் தேர்வுச் சல்லடையில் கணித மேதை ராமானுஜன் நிற்கவில்லை. கணக்கைத் தவிர மற்றவற்றில் மனம் ஒட்டாததால் கும்பகோணத்தில் உதவித்தொகை போயிற்று. பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. தேறவில்லை. அதே காலத்தில், 1905இல், சீனா தன் தேர்வையே ஒழித்தது. அதே ஆண்டு பாரிசில் உளவியலாளர் ஆல்பிரட் பினே, பள்ளியில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து உதவுவதற்காக ஒரு சோதனையை உருவாக்கினார். அறிவு வளரக்கூடியது என்று அவர் உறுதியாக நம்பினார். அமெரிக்கர்கள் சோதனையை எடுத்துக்கொண்டு நம்பிக்கையை விட்டுவிட்டார்கள். முதல் உலகப் போரில் சுமார் 17 லட்சம் படைவீரர்களுக்கு அறிவுச் சோதனை வைத்தார்கள். அந்த வேலையில் இருந்த கார்ல் பிரிகாம் 1926இல் கல்லூரி நுழைவுக்கு எஸ்.ஏ.டி. தேர்வைத் தந்தார். இனங்களுக்கிடையே அறிவு வேறுபாடு உண்டென்று தான் எழுதியதைப் பின்னர் அவரே தவறென்று கைவிட்டார். தேர்வு மட்டும் நிலைத்துவிட்டது.

சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்த அதே செப்டம்பர் 5ஆம் நாளில், 1888இல், தத்துவ அறிஞர் ராதாகிருஷ்ணன் பிறந்தார். திருத்தணியில் பள்ளிப் படிப்பைத் தொடங்கி, உதவித்தொகைகளிலேயே எம்.ஏ. வரை போனவர், அதாவது தேர்வுகளால் உயர்ந்தவர். அவர் தத்துவம் எடுத்ததோ தற்செயல்: உறவினர் ஒருவர் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்தன. அப்படிப்பட்டவர் தலைமையேற்ற பல்கலைக்கழகக் கல்விக் குழு 1949இல், ஒரே ஒரு சீர்திருத்தம் மட்டும் செய்யலாம் என்றால் தேர்வுமுறையைத்தான் மாற்ற வேண்டும் என்றது. அதை நான் பெரிதும் மதிக்கிறேன். மாற்றாக அது பரிந்துரைத்தவற்றில் அமெரிக்கப் பாணிப் புறவயத் ('அப்ஜெக்டிவ்') தேர்வும் ஒன்று.

2017இல் தமிழ்நாடு பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. பிள்ளைகளுக்குச் செய்த நல்ல காரியம். அதே ஆண்டுதான் மருத்துவம் படிக்க விரும்பிய திருத்தணிப் பிள்ளையும் நீட் தேர்வில் 180 கேள்விகளுக்கு ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்ப வேண்டியதாயிற்று.